தேதி இல்லாத நோட்டீஸ், கைக்கு வராத கடிதம்: தம்பியின் நாடு கடத்தல் உத்தரவை எப்படித் திறப்பது?

வாசகர் கேள்வி:

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் தம்பி 2022 ஜூனில் மெக்சிகோ வழியாக டெக்சாஸ் எல்லையைக் கடந்து வந்தான். பிடித்து வைத்திருந்து, சில தாள்களைக் கொடுத்து வெளியே விட்டார்கள். கோர்ட்டுக்கு எப்போது வர வேண்டும் என்ற இடத்தில் 'தேதி பின்னர், நேரம் பின்னர்' என்றுதான் இருந்தது. நியூயார்க் குயின்சில் இருந்த எங்கள் பெரியம்மா மகனின் விலாசத்தைக் கொடுத்திருந்தான். அந்த டிசம்பரிலேயே என்னிடம் வந்துவிட்டான். 2023 ஜனவரியில் ஐஸ் (குடியேற்ற அமலாக்கத் துறை) அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போடப் போனபோது புது விலாசத்தைச் சொன்னான், அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு கடிதம் எதுவும் வரவில்லை. போன மாதம் வேலை பெர்மிட் விஷயமாக ஏ நம்பரை (அவனுடைய குடியேற்றக் கோப்பு எண்) போட்டுப் பார்த்தபோது, அவன் ஆஜராகாததால் 2024 பிப்ரவரியில் நியூயார்க் கோர்ட் நாடு கடத்த உத்தரவு போட்டிருப்பது தெரிந்தது. என் கணவரின் நண்பர், "தேதி இல்லாத நோட்டீஸ் செல்லாது, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, கேஸ் தன்னால் போய்விடும்" என்கிறார். அவரிடமும் அதே மாதிரித் தாள்தான், அவர் கேஸ் இன்னும் நடக்கிறது. ஒருவர் 1,500 டாலர் கொடுத்தால் தானே மனு எழுதிப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அடுத்த ஐஸ் செக்-இன்னுக்கு ஆறு வாரம் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் இரண்டு விஷயம். அந்த 1,500 டாலர்காரரிடம் எந்தத் தாளையும் கொடுக்காதீர்கள், தம்பியை எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். அடுத்து, இந்த உத்தரவைத் திறக்க வழி இருக்கிறது. ஆனால் உங்கள் கணவரின் நண்பர் காட்டும் வழி அது இல்லை. அவர் சொல்வது ஒரு காலத்தில் சில கோர்ட்டுகளில் எடுபட்டது. 2024 ஜூன் 14-க்குப் பிறகு எடுபடாது. ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பத்தை நம்பித் தவறான மனுவைப் போட்டு, இருந்த ஒரே வாய்ப்பையும் இழப்பவர்கள் நிறையப் பேர்.

எல்லையில் தம்பியிடம் கொடுத்தது 'நோட்டீஸ் டு அப்பியர்', சுருக்கமாக என்.டி.ஏ. குடியேற்றச் சட்டத்தின் 239-ஆம் பிரிவு அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது: அரசு சாட்டும் குற்றச்சாட்டு, எந்தச் சட்டப்படி, வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை, விலாசம் மாறினால் தெரிவிக்கும் கடமை, வராவிட்டால் என்ன ஆகும், அப்புறம் விசாரணை நடக்கும் நேரமும் இடமும். இத்தனை தெளிவாகச் சட்டம் எழுதியிருந்தும், வருஷக்கணக்காக அரசு நேரத்தை நிரப்பாமலே லட்சக்கணக்கான தாள்களைக் கொடுத்து வந்தது. பிறகு கோர்ட் தனியாக ஒரு விசாரணை அறிவிப்பைத் தபாலில் அனுப்பும். முதல் தாள் கையில் கொடுத்தது, இரண்டாவது தாள் தபாலில் போனது. உங்கள் தம்பியின் கேஸ் முழுக்க இந்த இரண்டாவது தாளில்தான் இருக்கிறது.

நண்பர் மனதில் வைத்திருப்பது 2018-இன் பெரேரா தீர்ப்பாகவோ 2021-இன் நிஸ்-சாவேஸ் தீர்ப்பாகவோ இருக்க வேண்டும். இரண்டும் வேறு கேள்வி பற்றியவை. பத்து வருஷம் தொடர்ந்து அமெரிக்காவில் இருந்தவர், சில கடுமையான நிபந்தனைகளோடு, நாடு கடத்தலை ரத்து செய்யக் கோரலாம். என்.டி.ஏ. கையில் வந்த நாளோடு அந்தப் பத்து வருஷக் கணக்கு நின்றுவிடும். நேரம் எழுதாத என்.டி.ஏ. அந்தக் கணக்கை நிறுத்தாது என்றது பெரேரா. இரண்டு தாள்களைச் சேர்த்து ஒரு நோட்டீசாக எண்ண முடியாது, எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும் என்றது நிஸ்-சாவேஸ். நல்ல தீர்ப்புகள், இன்றும் செல்லும். ஆனால் அவை அந்தப் பத்து வருஷக் கணக்குக்குச் சொன்னவை.

வராதவர்மேல் போட்ட உத்தரவுக்கும் அதே நியாயம் பொருந்துமா என்ற கேள்வி 2024-இல் காம்போஸ்-சாவேஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பொருந்தாது என்றார்கள். முதல் தாளில் நேரம் இல்லாவிட்டாலும், பின்னால் வந்த அறிவிப்பில் அந்த விசாரணையின் தேதியும் நேரமும் இடமும் இருந்தால் போதும் என்று நீதிபதி அலிடோ எழுதினார். நீதிபதி ஜாக்சன் மறுத்து எழுத, சோட்டோமேயர், கேகன், கோர்சச் மூவரும் அவரோடு சேர்ந்தார்கள். அந்த மறுப்புதான் சரி என்பது என் கருத்து. நேரத்தை எழுது என்று சட்டம் அரசுக்குச் சொன்ன பிறகு, எழுதாமல் விட்டதன் சுமையை அகதியாக வந்தவன் தலையில் வைப்பது நியாயம் இல்லை. ஆனால் என் கருத்து உங்கள் தம்பிக்கு உதவாது. 'முதல் தாளில் தேதி இல்லை' என்பதை மட்டும் நம்பி மனுப் போட்டால் தோற்கும்.

பெரேரா தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வழக்கின் கதையைப் படிப்பதில்லை. உங்களுக்கு உபயோகமானது அதில்தான் இருக்கிறது. பிரேசிலில் இருந்து வந்து மாசசூசெட்சில் இருந்த பெரேராவுக்கு 2006-இல் கையில் என்.டி.ஏ. கொடுத்தார்கள், தேதி இல்லாமல். அரசு அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்ததோ ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, 2007-இல். பிறகு கோர்ட் தேதி குறித்து அறிவிப்பு அனுப்பியது. அவர் அரசிடம் கொடுத்திருந்தது தபால் பெட்டி எண். கோர்ட் அனுப்பியதோ தெரு விலாசத்துக்கு. கடிதம் திரும்பி வந்துவிட்டது. அவர் வராததால் நாடு கடத்த உத்தரவு. 2013-இல் ஒரு சின்னப் போக்குவரத்து விஷயத்தில் பிடிபட்ட பிறகுதான் அவருக்கே தெரியும். அந்த உத்தரவு எப்படிப் போனது தெரியுமா? 2007-இல் அனுப்பிய அறிவிப்பு தனக்குக் கிடைக்கவே இல்லை என்று அவர் நிரூபித்தார், இமிக்ரேஷன் நீதிபதி வழக்கைத் திரும்பத் திறந்தார். சுப்ரீம் கோர்ட் வரை போனதெல்லாம் அதற்குப் பிறகு, பத்து வருஷக் கணக்குக்காக. அந்தப் பெரிய தீர்ப்பு வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே, பெரேராவின் உத்தரவை உடைத்தது ஒரு தபால் உறையின் கதை.

உங்கள் தம்பிக்கும் நாம் அதைத்தான் தேட வேண்டும்.

சட்டம் சொல்வது இது. நோட்டீஸ் கிடைக்காததால் ஆஜராகவில்லை என்று காட்டினால், உத்தரவை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக் கேட்கலாம். 180 நாள் கெடு என்று யாராவது பயமுறுத்தினால், அது கடும் நோய், நெருங்கிய உறவின் மரணம் போன்ற 'அசாதாரணக் காரணம்' சொல்பவர்களுக்கான கெடு. உங்களுக்கு அது இல்லை. அதே சமயம் இன்னொரு விதியும் இருக்கிறது: தம்பி கடைசியாகக் கொடுத்த விலாசத்துக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டிருந்தால், அது சட்டப்படி போதுமான நோட்டீஸ். விலாசம் மாறியதைத் தெரிவிக்கவே இல்லை என்றால் நோட்டீஸ் அனுப்பாமலே கூட உத்தரவு போடலாம். ஆகவே 'கடிதம் வரவில்லை' என்ற ஒரு வரி போதாது. 'தெரிவித்தானா, யாரிடம், எப்போது, எழுத்தில் இருக்கிறதா' என்று கேட்பார்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஐஸ் ஒரு துறை, கோர்ட் வேறு துறை. ஐஸ், எல்லைக் காவல், குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். மூன்றும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கீழே. இமிக்ரேஷன் கோர்ட் நீதித் துறைக்குக் கீழே. ஒரு இடத்தில் விலாசம் மாற்றினால் இன்னொரு இடத்தில் தானாக மாறாது. கோர்ட்டுக்கு ஈ.ஓ.ஐ.ஆர்.-33 என்ற படிவத்தை விலாசம் மாறிய ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், அதன் நகலை அரசு தரப்பு வக்கீல் அலுவலகத்துக்கும் கொடுக்க வேண்டும். யு.எஸ்.சி.ஐ.எஸ்.-க்கு ஏ.ஆர்.-11, பத்து நாளுக்குள். ஐஸ் அதிகாரியிடம் வாயால் சொன்னவன், "கவர்மென்ட்டிடம் சொல்லியாயிற்று" என்றுதான் நினைப்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவன் ஐஸிடம் சொன்னது வீண் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். கோர்ட்டில் வழக்கு எப்போது தொடங்குகிறது? என்.டி.ஏ.-வை அரசு கோர்ட்டில் தாக்கல் செய்யும் அன்று. தம்பிக்குக் கொடுத்தது 2022 ஜூன். தாக்கல் செய்தது அதே மாதமாகவும் இருக்கலாம், ஒரு வருஷம் கழித்தும் இருக்கலாம். 2023 ஜனவரியில் அவன் ஐஸிடம் விலாசம் சொன்னபோது கோர்ட்டில் அவன் பெயரில் வழக்கே இல்லை என்றால், அவன் யாரிடம் போய் ஈ.ஓ.ஐ.ஆர்.-33 கொடுப்பான்? புது விலாசத்தைத் தெரிந்து வைத்திருந்த அரசே பழைய விலாசத்தோடு என்.டி.ஏ.-வைத் தாக்கல் செய்திருந்தால் தவறு யாருடையது? டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களுக்கான ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் ஏறக்குறைய இதே நிலையில் இருந்த ஒரு பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: கோர்ட்டில் தாக்கலாகும் முன்பே ஐஸிடம் சரியான விலாசத்தைச் சொல்லிவிட்டார், சட்டம் கேட்ட கடமை முடிந்தது என்று. நியூயார்க் இரண்டாவது சர்க்யூட்டுக்குள் வருவதால் அந்தத் தீர்ப்பு அங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் நல்ல வக்கீல் அதை மனுவின் முதல் பக்கத்திலேயே வைப்பார்.

ஆகவே முதல் வேலை, தம்பியின் கோர்ட் கோப்பை எடுப்பது. வக்கீல் ஆஜர் படிவம் போட்டால் கணினியிலேயே பார்க்கலாம், இல்லாவிட்டால் நீங்களே கோர்ட்டிடம் நகல் கேட்கலாம். ஐஸ், எல்லைக் காவல் கோப்புகளுக்கு தகவல் உரிமைச் சட்டப்படி தனியாகக் கேட்க வேண்டும், அது தாமதமாகும், காத்திருக்க வேண்டாம். கோர்ட் கோப்பு வந்ததும் என்.டி.ஏ.-வின்மேல் இருக்கும் கோர்ட் முத்திரைத் தேதியைப் பாருங்கள். அப்புறம் விசாரணை அறிவிப்பில் இருக்கும் விலாசத்தை, தம்பி எல்லையில் கொடுத்த விலாசத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். குயின்ஸ் வீடுகளில் பேஸ்மென்ட், இரண்டாவது மாடி, 2எஃப், 3ஆர் என்று ஒரே கதவு எண்ணுக்குள் நாலு குடும்பம் இருக்கும். எல்லையில் எழுதிய அதிகாரி அந்த 2எஃப்-ஐ விட்டிருந்தால், பெயர்ப்பலகையில் பெயர் இல்லாத ஒருவனுக்குக் கடிதம் எப்படிப் போகும்? நம் பெயர்களோ இன்னும் சிக்கல். அப்பா பெயர் கடைசிப் பெயராகி, சொந்தப் பெயர் நடுவில் போய், அறிவிப்பு அப்பா பெயருக்குப் போயிருக்கலாம். உறை திரும்பி வந்திருந்தால், தபால்துறையின் மஞ்சள் ஸ்டிக்கரோடு அதன் நகலும் பெரும்பாலும் கோப்பில் இருக்கும். அது இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

என்.டி.ஏ.-வின் இரண்டாம் பக்கத்தின் அடிப்பகுதியையும் பாருங்கள். நோட்டீஸ் கொடுத்ததற்கான சான்று அங்கே இருக்கும். 'இன்ன மொழியில் விசாரணை நேரம், இடம், வராவிட்டால் வரும் விளைவு எல்லாம் வாயால் சொல்லப்பட்டது' என்று ஒரு வரி, மொழியின் பெயருக்கு ஒரு கோடு. தமிழ் மட்டும் தெரிந்த பையனின் தாளில் அந்தக் கோட்டில் 'ஆங்கிலம்' என்றோ 'ஸ்பானிஷ்' என்றோ இருந்தால், அல்லது வெறுமையாக இருந்தால், அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆஜராகாமல் உத்தரவு வாங்கியவர் பத்து வருஷத்துக்குக் கிரீன் கார்டுக்கு மாறுவது போன்ற சில நிவாரணங்களைக் கேட்க முடியாது என்று ஒரு தடை இருக்கிறது. அவருக்குத் தெரிந்த மொழியில் வாயால் எச்சரித்திருந்தால்தான் அந்தத் தடை பொருந்தும். நோட்டீசே தமிழில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதனால் 'எனக்கு ஆங்கிலம் தெரியாது' என்பதே உத்தரவை உடைக்காது. ஆனால் இந்த வரி பின்னால் உதவும்.

பெரியம்மா மகன் விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவிப்பு அந்த வீட்டுக்குச் சரியாக வந்து, யாரோ எடுத்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்து மறந்திருந்தால், இமிக்ரேஷன் கோர்ட்டுக்கு மேலே இருக்கும் மேல்முறையீட்டு வாரியத்தின் பழைய தீர்ப்புப்படி அது தம்பிக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படும். வீட்டுக்குள் நடந்த குளறுபடிக்கு அரசு பொறுப்பில்லை என்பது அவர்கள் நிலை. இதைக் கேட்டதும், "அப்ப அண்ணாவை ஒண்டும் வரேல்லை எண்டு எழுதித் தரச் சொல்லுவம்" என்று குடும்பத்தில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். பிரமாண வாக்குமூலத்தில் பொய் சொல்லி மாட்டினால், அவருடைய ஸ்டேட்டஸும் ஆபத்தில் போகும், தம்பி நாளைக்கு அகதி வழக்கில் சொல்லும் உண்மையையும் நீதிபதி நம்ப மாட்டார். அண்ணனிடம் நேராகக் கேளுங்கள்: அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், தபால் பெட்டி பொதுவானதா, அதில் தம்பி பெயர் எழுதியிருந்ததா, நீங்கள் எப்போது அந்த வீட்டை விட்டீர்கள். அறிவிப்பு அனுப்பிய தேதிக்கு முன்பே அவரும் வீடு மாறியிருந்தால், அந்த ஒரு உண்மை பத்துப் பொய்யைவிட வலுவானது.

சாதாரணத் தபாலில் அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்தது என்றே கோர்ட் ஊகிக்கும். ஆனால் அது பலவீனமான ஊகம். பதிவுத் தபால் மாதிரி கையெழுத்து வாங்குவதில்லை அல்லவா. இரண்டாவது சர்க்யூட் 2006-லேயே இதைச் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டு வாரியம் 2008-இல் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தது: தம்பியின் வாக்குமூலம், விவரம் தெரிந்த மற்றவர்களின் வாக்குமூலம், உத்தரவு தெரிந்ததும் எவ்வளவு சீக்கிரம் நடவடிக்கை எடுத்தான், கோர்ட்டுக்கு வருவதில் அவனுக்கு ஆதாயம் இருந்ததா, அதற்கு முன் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனானா.

கடைசி இரண்டும் உங்கள் தம்பிக்குச் சாதகம். ஒளிந்துகொள்ள நினைப்பவன் ஐஸ் அலுவலகத்துக்குத் தானாகப் போய்ப் புது விலாசத்தைச் சொல்ல மாட்டான். அந்த 2023 ஜனவரிச் செக்-இன் தாளில் அதிகாரி பேனாவால் எதையாவது எழுதி, அடுத்த தேதி போட்டுக் கொடுத்திருப்பார். அதைத் தேடி எடுங்கள். விலாச மாற்றம் 'எழுத்தில்' தரப்பட வேண்டும் என்று சட்டம் சொல்வதால், அந்தக் கிறுக்கலுக்கு மதிப்பு அதிகம். தாள் கிடைக்காவிட்டால் அவன் போனில் எடுத்த படம், உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப், ஐஸ் பிறகு உங்கள் நியூ ஜெர்சி விலாசத்துக்கு எதையாவது அனுப்பியிருந்தால் அது. டிசம்பர் 2022 முதல் அவன் உங்களோடுதான் இருந்தான் என்பதற்கு வங்கிக் கணக்கு, போன் பில், கிளினிக் ரசீது. உத்தரவு தெரிந்த நாளின் ஸ்க்ரீன்ஷாட் இருந்தால் அதுவும். அன்றைக்கும் மனுப் போட்ட நாளுக்கும் நடுவில் மாதங்கள் ஓடினால், 'தெரிந்தும் சும்மா இருந்தான்' என்பார்கள். இதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஆனால் அவசரத்தில் யாரோ எழுதிய மனுவைப் போடவும் கூடாது. ஆஜராகாத உத்தரவை ரத்து செய்ய இந்த மனு ஒரே ஒரு தடவைதான் போடலாம். அந்த 1,500 டாலர்காரர் இணையத்தில் எடுத்த 'தேதி இல்லாத நோட்டீஸ் செல்லாது' மாதிரியை நிரப்பிப் போட்டு, அது தள்ளுபடியானால், பிறகு எவ்வளவு நல்ல ஆதாரம் கிடைத்தாலும் கதவு ஏறக்குறைய மூடியதுதான். வக்கீல் லைசென்ஸ் உள்ளவரோ, நீதித் துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ மட்டுமே இதைச் செய்யலாம். கட்டணம் தாங்க முடியாவிட்டால், இலவச உதவி தரும் அமைப்புகளின் பட்டியலை இமிக்ரேஷன் கோர்ட்டே வைத்திருக்கிறது. அரசு செலவில் வக்கீல் தர மாட்டார்கள். வக்கீலைப் பார்க்கும்போது "முன்பு கையில் கொடுத்த நோட்டீசைப் பற்றி வாதாடப் போகிறீர்களா, தபாலில் போன அறிவிப்பைப் பற்றியா?" என்று கேளுங்கள். காம்போஸ்-சாவேஸ் தெரியாதவர் என்றால் பதிலிலேயே தெரிந்துவிடும்.

மனு, உத்தரவு போட்ட நியூயார்க் கோர்ட்டுக்கே போக வேண்டும், நியூ ஜெர்சியின் நியூவர்க் கோர்ட்டுக்கு இல்லை. நோட்டீஸ் கிடைக்காத காரணத்துக்காகப் போடும் மனுவுக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. கூடவே ஈ.ஓ.ஐ.ஆர்.-33 படிவத்தை உங்கள் விலாசத்தோடு இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் மனுவின் முடிவும் குயின்சுக்கே போகும். வென்றால் அந்த உத்தரவு போடப்படாத மாதிரி ஆகிவிடும், வழக்கு முதலில் இருந்து தொடங்கும். அகதி விண்ணப்பம் இன்னும் போடவில்லை என்று உங்கள் கடிதத்தில் இருந்து ஊகிக்கிறேன். வந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும் என்ற கெடு தாண்டிவிட்டது. அதற்கும் விதிவிலக்குகள் உண்டு, கெடு இல்லாத வேறு பாதுகாப்புகளும் உண்டு. விண்ணப்பத்தை இப்போதே தயார் செய்து மனுவோடு வைப்பது நல்லது. அவனுக்குக் கோர்ட்டுக்கு வரக் காரணம் இருந்தது என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. அது தனிக் கடிதத்துக்குரிய விஷயம்.

உங்கள் கணவரின் நண்பருக்கும் ஒரு வார்த்தை. அவருக்கு உத்தரவு இல்லை, வழக்கு நடக்கிறது. அவருடைய நிலையில் தேதி இல்லாத என்.டி.ஏ.-வுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஆனால் நேரத்தோடு ஆட்சேபிக்க வேண்டும்: குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்லும் கட்டம் முடிவதற்கு முன். 2022-இல் மேல்முறையீட்டு வாரியம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அப்படி ஆட்சேபித்தாலும் கேஸ் தன்னால் போகாது, குறையைச் சரிசெய்ய நீதிபதி அரசுக்கு அனுமதி தரலாம். இதை நம்பி அவர் ஒரு வாய்தாவைக்கூடத் தவறவிடக் கூடாது. தாளில் இருக்கும் தேதியையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரேரா தீர்ப்புக்குப் பிறகு அரசு ஏதோ ஒரு தேதியைப் போட்டு நோட்டீஸ் கொடுக்க ஆரம்பித்தது. 2019 ஜனவரி 31 அன்று பல ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கைக்குழந்தையோடு குளிரில் கோர்ட் வாசலில் வரிசையில் நின்று, அப்படி ஒரு விசாரணையே இல்லை என்று கேட்டுத் திரும்பினார்கள். அதே மாதிரி, தேதி முன்னால் நகர்த்தப்படுவதும் உண்டு. ஆகவே வாரம் ஒரு முறை 1-800-898-7180 என்ற கோர்ட் தானியங்கி எண்ணிலோ, கோர்ட் இணையதளத்திலோ ஏ நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆறு வாரத்தில் வரும் செக்-இன். மனு கோர்ட்டில் தாக்கலான நிமிஷத்தில் இருந்து, நீதிபதி முடிவு சொல்லும் வரை, தம்பியை நாடு கடத்துவதைச் சட்டமே நிறுத்தி வைக்கிறது. தனியாகக் கேட்கத் தேவையில்லை. அதனால் மனு அந்தத் தேதிக்கு முன்பே போயிருக்க வேண்டும். ஆனால் நாடு கடத்தத்தான் தடை, கைது செய்யத் தடை இல்லை. 2025 முதல் நியூயார்க்கில் செக்-இன்னுக்குப் போனவர்களையும் கோர்ட்டுக்குப் போனவர்களையும் பிடித்து வைப்பது அடிக்கடி நடக்கிறது. போகாமல் இருந்தால் அது இன்னொரு குற்றச்சாட்டாகும். அவன் தனியாகப் போக வேண்டாம், வக்கீலோடு பேசி, முடிந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். தாக்கல் ரசீதும் மனுவின் முதல் பக்கமும் இரண்டு நகல் சட்டைப்பையில் இருக்கட்டும், ஒன்று உங்களிடம் இருக்கட்டும். வக்கீல் எண்ணையும் உங்கள் எண்ணையும் அவன் மனப்பாடம் செய்ய வேண்டும், போனைப் பிடுங்கிவிடுவார்கள். இந்த வாரமே கோர்ட் கோப்புக்குக் கேளுங்கள். என்.டி.ஏ. தாக்கலான தேதியும் அறிவிப்பு அனுப்பிய தேதியும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், மனுவை எந்த வாதத்தில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.